எனக்கு எந்தக் கருத்தடை முறை ஒத்துவரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் கருத்தடை என்றாலே ஆபரேஷன்தான். இரண்டாவது பிரசவத்தோடு "ஆபரேஷன் பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு முடிந்துவிடும். அதற்கு முந்தைய வருடங்களில் என்ன செய்வது? கல்யாணத்துக்கும் முதல் குழந்தைக்கும் நடுவில், முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன வழி? இதைப் பெரும்பாலான பெண்களுக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. தெரியாததால் நாள் தள்ளிப்போய், பயந்து, மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை விழுங்கி அவதிப்படுகிறவர்கள் ஏராளம். இங்கே உள்ள பதில்கள் அவர்களை மனதில் வைத்து எழுதியவை. உங்கள் உடம்பைச் சோதித்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் விஷயம் தெரிந்துகொண்டு அவர் முன்னால் உட்காருவது உங்களுக்கு நல்லது.

இத்தனை முறைகள் இருக்கின்றன. எங்கிருந்து ஆரம்பிப்பது?

"எது நல்ல முறை?" என்று தொடங்கினால் பதில் கிடைக்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒத்துவந்தது உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். முதலில் உங்களைப் பற்றிச் சில விஷயங்களைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த குழந்தை எப்போது வேண்டும்? ஆறு மாதத்தில் என்றால் ஆணுறையே போதும். மூன்று வருடம் கழித்து என்றால் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி (லூப்) யோசிக்கலாம். அடுத்த வருடமே வேண்டும் என்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா ஊசி போட்டுக்கொள்வது சரிவராது, ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். இனி வேண்டவே வேண்டாம் என்றால்தான் ஆபரேஷன் பேச்சு.

தாய்ப்பால் கொடுக்கிறீர்களா? மாதவிடாயில் ஏற்கெனவே அதிக ரத்தம் போகிறதா, ரத்தசோகை இருக்கிறதா? பிரஷர், ஒற்றைத் தலைவலி, கால் நரம்பில் ரத்தக்கட்டு, மஞ்சள் காமாலை எதுவும் வந்ததுண்டா? வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா? தினம் ஒரே நேரத்தில் மாத்திரை போட முடியுமா, அல்லது ஷிஃப்ட் வேலையா? கணவர் ஒத்துழைப்பாரா? வீட்டில் மாத்திரை அட்டையை வெளிப்படையாக வைத்துக்கொள்ள முடியுமா? கடைசி இரண்டு கேள்விகளை டாக்டர்கள் கேட்பது குறைவு. ஒரு பெண் ஒரு முறையைத் தொடர்வதும் பாதியில் விடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

எது எவ்வளவு நம்பகமானது?

எதுவுமே பயன்படுத்தாத 100 இளம் தம்பதிகளில் சுமார் 85 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். கடைசி நேரத்தில் வெளியே எடுத்துவிடும் முறையை நம்பினால் சுமார் 20 பேருக்கு, ஆணுறையில் 13 பேருக்கு, தினசரி மாத்திரையில் 7 பேருக்கு, மூன்று மாத ஊசியில் 4 பேருக்கு. காப்பர் டி, ஹார்மோன் லூப், கையில் வைக்கும் இம்ப்ளான்ட், ஆண் பெண் அறுவை சிகிச்சைகள் எல்லாவற்றிலும் 100-க்கு ஒருவருக்கும் குறைவு.

இவை நடைமுறையில் மறந்தும் தவறியும் பயன்படுத்துகிறவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டவை. ஒரு நாள்கூடத் தவறாமல் மாத்திரை போடுபவருக்கு அது ஏறக்குறைய ஆபரேஷன் அளவுக்கே பாதுகாப்பு தரும். அப்படி ஒரு நாள்கூடத் தவறாதவர்கள் குறைவு என்பதால்தான் அந்த 7.

கல்யாணமாகி நாலு மாதம் ஆகிறது. "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதல் குழந்தையைத் தள்ளிப்போட்டால் பிறகு குழந்தையே பிறக்காது என்கிறார்களே?

இந்த ஒரு பயத்தால் படிப்பையும் வேலையையும் பாதியில் விட்ட பெண்கள் எத்தனையோ பேர். இந்தப் பயத்துக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. ஆணுறை, மாத்திரை, காப்பர் டி ஆகியவற்றை நிறுத்தியதும் கருத்தரிக்கும் திறன் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மாத்திரையை நிறுத்தியபின் மாதவிடாய் ஒழுங்காக ஓரிரு மாதம் ஆகலாம், அவ்வளவுதான். ஊசிக்கு மட்டும் தாமதம் உண்டு.

ஐந்து வருடம் மாத்திரை சாப்பிட்டு, பிறகு குழந்தை தங்கவில்லை என்றால் பழி மாத்திரைமேல் விழுகிறது. உண்மையில் அந்த ஐந்து வருடத்தில் கூடிய வயதோ, முன்பே இருந்து கண்டுபிடிக்கப்படாத பிரச்சினையோ, கணவரின் விந்தணுக் குறைபாடோ காரணமாக இருக்கும். முப்பத்தைந்துக்கு மேல் கருத்தரிப்பு கடினமாகத் தொடங்கும் என்பது மட்டும் உண்மை. அதைக் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

குழந்தை பெறாதவருக்குக் காப்பர் டி போடக் கூடாது என்று இன்னும் சில இடங்களில் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் அதை அனுமதிக்கிறது. பொருத்தும்போது கொஞ்சம் கூடுதலாக வலிக்கலாம். பால்வினை நோய்த்தொற்று இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு போட வேண்டும்.

தினசரி மாத்திரை யாருக்கு நல்லது, யாருக்குக் கூடாது?

அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைப்பது மாலா-என். அட்டையில் 28 மாத்திரைகள்: 21-ல் ஹார்மோன், மீதி 7 இரும்புச்சத்து. தனியார் கடைகளில் பல பிராண்டுகள் இருக்கின்றன. மாதவிடாய் வலியும் ரத்தப்போக்கும் அதிகமாக உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை இரட்டை நன்மை, இரண்டும் குறையும். நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்குச் சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வாய்ப்பும் குறைகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் குமட்டல், மார்பு கனத்தல், நடுவில் சொட்டுச் சொட்டாக ரத்தம் படுதல் இருக்கலாம். பெரும்பாலும் தானாக அடங்கிவிடும்.

இதில் ஈஸ்ட்ரோஜன் இருப்பதால் சிலர் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: பிரஷர் 140/90-க்கு மேல் உள்ளவர்கள், கண் முன்னால் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்து பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர்கள், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்கள், பக்கவாதம், இதய நோய், மார்பகப் புற்றுநோய், கடுமையான ஈரல் நோய் உள்ளவர்கள், 35 வயதைத் தாண்டிய புகைபிடிப்பவர்கள், ஆறு மாதத்துக்குள்ளான குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார்கள். பிரஷர் பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்தால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றை நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், கார்பமசிப்பின் போன்றவையும் கருத்தடை மாத்திரையின் சக்தியைக் குறைத்துவிடும். அவர்களுக்குக் காப்பர் டி அல்லது அந்தரா ஊசி பொருந்தும்.

மாத்திரை சாப்பிடும் காலத்தில் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென்று தாங்க முடியாத தலைவலி, பார்வை மங்கல் வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் மறந்துவிட்டேன்!

நினைவு வந்த உடனே போடுங்கள், அன்றைக்கு இரண்டு மாத்திரையாக ஆனாலும் பரவாயில்லை. இரண்டு நாளோ அதற்கு மேலோ மறந்திருந்தால், உடனே ஒன்று போட்டுத் தொடருங்கள், அடுத்த ஏழு நாள் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இரும்பு மாத்திரைகளை மறந்தால் கருத்தடைக்குப் பாதகம் இல்லை. ஆனால் அடுத்த அட்டையைத் தொடங்குவதில் ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்.

வாரம் ஒரு முறை போடும் மாத்திரை இருக்கிறதாமே?

இருக்கிறது. இது இந்தியாவிலேயே, லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. சென்ட்குரோமான் என்பது மருந்தின் பெயர். 1991 முதல் சஹேலி என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது, அரசு மருத்துவமனைகளில் சாயா என்ற பெயரில் இலவசம். இதில் ஹார்மோன் கிடையாது. அதனால் குமட்டல், எடை கூடுதல் போன்ற தொல்லைகள் இல்லை. பால் கொடுக்கும் தாய்மார்களும் சாப்பிடலாம். இவ்வளவு நல்ல மருந்து நம் பெண்களுக்கு இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எனக்கு வருத்தம்தான்.

சாப்பிடும் முறையில்தான் கவனம் வேண்டும். மாதவிடாயின் முதல் நாள் ஒரு மாத்திரை, மூன்று நாள் கழித்து இன்னொன்று. முதல் மூன்று மாதம் அதே இரண்டு கிழமைகளில் வாரம் இரண்டு. உதாரணமாக முதல் மாத்திரை ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒவ்வொரு வாரமும் ஞாயிறும் புதனும். நான்காவது மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். மாதவிடாய் வந்தாலும் வராவிட்டாலும் கிழமை மாறாது. காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்வது நல்ல வழி.

தொடக்கத்தில் மாதவிடாய் தள்ளிப்போகும், ரத்தம் குறைவாகப் படும். 15 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், ஈரல், சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

அந்தரா ஊசி போட்டால் மாதவிடாயே நின்றுவிடுமாம். கெட்ட ரத்தம் உள்ளே தங்காதா?

தங்காது. மாதவிடாய் ரத்தம் உடலில் சேர்ந்து கிடக்கும் கழிவு அல்ல. ஒவ்வொரு மாதமும் கருப்பையின் உட்சுவர் தடித்து உரிந்து வருவதுதான் அது. ஊசி அந்தச் சுவரைத் தடிக்கவிடாமல் செய்கிறது. உரிய ஒன்றும் இல்லாதபோது வர ஒன்றும் இல்லை. ரத்தசோகை உள்ள பெண்ணுக்கு இது லாபமும்கூட. முதல் ஊசிக்குப் பிறகு சில மாதம் ஒழுங்கில்லாமல் ரத்தம் படும், பிறகு குறைந்து பலருக்கு ஒரு வருடத்துக்குள் நின்றே போகும். இதை முன்கூட்டியே சொல்லாமல் ஊசி போடுவதால்தான் பயந்துபோய் இரண்டாவது ஊசிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். ஒரு வாரம், இரண்டு வாரம் தாமதமானால் பதற வேண்டாம், நான்கு வாரம் வரை தாமதமாகவும் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ கூடாது, மருந்து சீக்கிரம் கரைந்துவிடும். பாலூட்டும் தாய் பிரசவமாகி ஆறு வாரம் கழித்து ஆரம்பிக்கலாம்.

கடைசி ஊசிக்குப் பிறகு மறுபடி கரு தங்கச் சராசரியாக 7 முதல் 10 மாதம் ஆகும். அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்பவருக்கு இது ஏற்றதல்ல என்று மேலே சொன்னது இதனால்தான். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறையும், நிறுத்தியதும் திரும்பிவிடும்.

காப்பர் டி போட்டால் நெஞ்சுக்கு ஏறிவிடும், கர்ப்பப்பை புண்ணாகிவிடும், உடம்பு சூடாகிவிடும் என்கிறார் மாமியார்.

உங்கள் மாமியார் காலத்தில் போட்ட லூப் வேறு, இப்போது போடுவது வேறு. அந்தக் காலத்தில் முகாம்களில் அவசர அவசரமாகப் போட்டு, பின்னால் யாரும் கவனிக்காமல் விட்டதில் பலர் கஷ்டப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பயத்தை மதித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

கருப்பை மேல்பக்கம் மூடிய பை. அங்கிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. பொருத்தும் நேரத்தில் சுவரைத் துளைத்துவிடும் ஆபத்து உண்டு, ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவில்தான். பயிற்சி பெற்றவர் கையில் அது இன்னும் குறையும். தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு, குறிப்பாக முதல் சில மாதங்களில். அதனால்தான் அடுத்த மாதவிடாய் முடிந்தபின் ஒரு முறை காட்டச் சொல்கிறார்கள். உடம்புச் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதில் உள்ள செம்பு விந்தணுக்களை முடக்குகிறது. ரத்தத்தில் கலந்து செய்யும் வேலை எதுவும் இல்லை. பால் குறையாது, எடை கூடாது.

அரசு மருத்துவமனையில் போடும் காப்பர் டியில் 380 ஏ வகை 10 வருடமும், 375 வகை 5 வருடமும் வேலை செய்யும். எந்த வகை, எந்தத் தேதி, எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 10 வருடம் என்றால் 10 வருடமும் வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை, நீங்கள் எப்போது எடுக்கச் சொன்னாலும் எடுக்க வேண்டும்.

உண்மையான குறை ஒன்று இருக்கிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிடாயில் ரத்தமும் வலியும் கூடும். ஏற்கெனவே அதிகம் போகிறவருக்கு, ஹீமோகுளோபின் 8, 9 என்று இருப்பவருக்கு, இதைப் போட்டுவிட்டு "பழகிவிடும்" என்று அனுப்புவது சரியல்ல. அவர்களுக்குத் தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும் ஹார்மோன் லூப் நல்ல மாற்று. அது ரத்தப்போக்கைக் குறைக்கும், பல வருடம் வேலை செய்யும், விலைதான் அதிகம். இடுப்புக்குழியில் தொற்று இருக்கும்போதும், காரணம் தெரியாமல் ரத்தம் போகும்போதும் எந்த லூப்பும் போடக் கூடாது.

பிரசவத்தின்போதே காப்பர் டி போட்டுவிட்டார்களாம், எனக்குத் தெரியாது. இது சரியா?

பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளோ, சிசேரியனின்போதோ காப்பர் டி போடுவது பாதுகாப்பான நடைமுறைதான். மறுபடி ஒரு முறை அலைய வேண்டாம் என்ற வசதியும் உண்டு. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமல் போட யாருக்கும் உரிமை இல்லை. வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுத்தபோதுதான் தெரிந்தது என்று சொல்லும் பெண்களின் குரலைக் கேட்டிருக்கிறேன். முறை நல்லது என்பதற்காக இப்படிச் செய்வது நியாயமாகிவிடாது. ஒரு முறை இப்படி ஏமாந்த பெண் அடுத்து மருத்துவமனை சொல்லும் எதையும் நம்ப மாட்டாள்.

பிரசவ வலியில் துடிக்கும்போது நீட்டும் தாளில் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. வளைகாப்பு நடக்கும் மாதத்திலேயே, பரிசோதனைக்குப் போகும்போது, இதைப் பேசி முடிவெடுங்கள். வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தாய் சேய் நலப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது "எனக்கு எதுவும் போட்டிருக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்லலாம்.

தாய்ப்பால் கொடுக்கும்வரை கரு தங்காது என்பது உண்மையா?

மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருந்தால் மட்டும் உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக் கூடாது. மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், நடுவில் பவுடர் பால், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் கூடாது. மூன்றும் சரியாக இருந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் வேறு முறை தேவை. மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும் என்பதால், பீரியட்ஸ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள்தான் கைக்குழந்தையோடு மறுபடி கர்ப்பமாகிறார்கள்.

ஆணுறை கிழிந்துவிடுகிறது. ஏன்?

பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான் காரணம். எண்ணெய், வாசலின், பாடி லோஷன் எதுவும் ரப்பரைச் சில நிமிடங்களில் பலவீனமாக்கிவிடும். வழவழப்பு வேண்டுமென்றால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் வாங்குங்கள். பர்ஸிலும் பைக் பெட்டியிலும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும் ஆணுறையும் கிழியும். இரண்டைச் சேர்த்துப் போடுவது உராய்வைக் கூட்டி இரண்டையும் கிழிக்கும். எச்.ஐ.வி.யும் பால்வினை நோய்களும் தொற்றாமல் காப்பது கருத்தடை முறைகளில் ஆணுறைதான். வேறு முறை பின்பற்றினாலும், தொற்றுக்கு வாய்ப்புள்ள உறவில் இதுவும் வேண்டும்.

'சேஃப் பீரியட்' கணக்குப் பார்த்து இருந்தால் போதாதா?

மாதவிடாய் 26 முதல் 32 நாளுக்குள் தவறாமல் வருபவர், முதல் நாளிலிருந்து எண்ணி 8-ம் நாள் முதல் 19-ம் நாள் வரை விலகியிருந்தாலோ ஆணுறை பயன்படுத்தினாலோ ஓரளவு பலன் உண்டு. விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும் என்பதால்தான் இத்தனை நாள். பி.சி.ஓ.எஸ். உள்ளவர், சுழற்சி ஒரு மாதம் 25, ஒரு மாதம் 45 என்று வருபவர் இதை நம்ப வேண்டாம். மொபைல் ஆப் காட்டும் பச்சை நாளும் வெறும் சராசரிக் கணக்குதான்.

நேற்று இரவு பாதுகாப்பு இல்லாமல் நடந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

72 மணி நேரத்துக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரை ஒன்று போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று. இது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே தங்கிய கருவை இது கலைக்காது. இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

இந்த மாத்திரை நாட்டின் பல மாநிலங்களில் சீட்டு இல்லாமலே கிடைக்கும்போது, தமிழ்நாட்டு மருந்துக்கடைகள் பலவற்றில் "இல்லை" என்ற பதில்தான் வருகிறது. கேட்கும் பெண்ணை மேலும் கீழும் பார்ப்பார்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமான மருந்துக்கு இப்படி அலையவிடுவது அநியாயம். அலைந்து நேரத்தைக் கழிக்காமல் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கோ மகளிர் மருத்துவரிடமோ போங்கள். 104 மருத்துவ உதவி எண்ணில் அருகில் எங்கே போகலாம் என்று கேட்கலாம்.

ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொள்வது இதைவிட உறுதியான அவசர வழி. அதன்பின் எடுக்கும்வரை அதுவே தொடர்ந்த பாதுகாப்பாகவும் இருக்கும். அவசர மாத்திரையையே மாதாமாதம் நம்பாதீர்கள். உடம்புக்குப் பெரிய கெடுதல் என்பதைவிட, கருத்தடையாக அது பலவீனமானது.

இரண்டு குழந்தைகள் போதும். ஆபரேஷன் பண்ணிக்கொள்ளலாமா?

இனி எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம் என்று உறுதியாக இருந்தால் நல்ல முறை. பிரசவமான ஏழு நாளுக்குள்ளோ, ஆறு வாரம் கழித்தோ செய்யலாம். உடல் வலுவோ தாம்பத்திய ஆசையோ குறையாது. ஆபரேஷனில் அடைத்த கருக்குழாயை மறுபடி இணைக்கும் அறுவை சிகிச்சை எல்லோருக்கும் வெற்றி தருவதில்லை, செலவும் அதிகம். 23, 24 வயதில், கைக்குழந்தை இன்னும் ஒரு வயதைத் தாண்டாதபோது எடுக்கும் முடிவில் பின்னாளில் வருந்துபவர்கள் அதிகம். அந்த வயதில் காப்பர் டி போட்டுக்கொண்டு சில வருடம் யோசிக்கலாமே. அதன் பாதுகாப்பும் ஆபரேஷன் அளவுக்கு இருக்கிறது.

2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே நாள் முகாமில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் 2016-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களைப் படிப்படியாக நிறுத்த உத்தரவிட்டது. எனவே வசதியுள்ள மருத்துவமனையில், எல்லாப் பரிசோதனையும் முடிந்தபின் செய்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பின்னும் சுமார் 200 பேரில் ஒருவருக்குக் கரு தங்குவதுண்டு. நாள் தள்ளிப்போனால் "நமக்குத்தான் ஆபரேஷன் ஆச்சே" என்று சும்மா இருக்காதீர்கள். கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்து இருப்பதால் உடனே சோதிக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் செய்து தோல்வியடைந்தால் ஈட்டுத்தொகை கோரலாம்.

ஆண்கள் ஆபரேஷன் செய்துகொண்டால் கடின வேலை செய்ய முடியாதா?

முடியும். பெண்ணின் ஆபரேஷனுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்குக் கத்தியே இல்லாமல், மரத்துப்போகும் ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் சிறு துளை வழியே அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை, விறைப்பு, விந்து வெளிவருதல் எதுவும் மாறாது. வெளிவரும் விந்தில் விந்தணு மட்டும் இருக்காது. அரசு தரும் ஊக்கத்தொகைகூட ஆணுக்குத்தான் அதிகம். இருந்தும் தமிழ்நாட்டில் இதைச் செய்துகொண்ட ஆண் நூற்றில் ஒருவர்கூட இல்லை. இரண்டு முறை பிரசவ வலி பட்ட உடம்புதான் மூன்றாவது முறையும் கத்திக்குக் கீழே போகிறது. ஆண்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: செய்த மறுநாளே பலன் இல்லை. மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று உறுதியானபின்தான் நம்பலாம்.

கணவர் எதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். அவர் கையெழுத்து வேண்டுமா?

சட்டப்படி வேண்டாம். கருத்தடை ஆபரேஷனுக்குக்கூடக் கணவரின் சம்மதம் கட்டாயம் இல்லை என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் பல மருத்துவமனைகள் கேட்கின்றன. அப்போது இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். பேசிப் புரியவைக்க முடிந்த கணவர் என்றால் கிராம சுகாதார செவிலியரையோ டாக்டரையோ வைத்துப் பேசுங்கள். அது ஆபத்தில் முடியும் வீடு என்றால், அந்தரா ஊசி வெளியே தெரியாது. காப்பர் டியின் நூலைக் குட்டையாக வெட்டச் சொல்லலாம்.

1930-லேயே பெரியார் 'குடி அரசு' பத்திரிகையில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் குடும்பச் சொத்தையும் காரணமாகச் சொன்னபோது, பெண்கள் விடுதலை பெற்றுச் சுயேச்சையாக இருக்க அது தேவை என்பதே அவர் சொன்ன காரணம். கணவரின் கையெழுத்தை இன்றும் கேட்கிற மருத்துவமனைக்கு அந்தக் காரணம் இன்னும் போய்ச்சேரவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டாக்டரிடம் கேட்கலாமா?

கேட்கலாம். வயது வந்த பெண்ணுக்கு ஆணுறையோ மாத்திரையோ தரத் தாலி இருக்கிறதா என்று பார்க்கச் சட்டம் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு மட்டும் அரசு விதிகளில் திருமணமும் குழந்தையும் நிபந்தனையாக உண்டு. டாக்டர் அறிவுரை சொல்லத் தொடங்கினால் வேறு டாக்டரைப் பாருங்கள், வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல.

எல்லாம் செய்தும் கரு தங்கிவிட்டால்?

கருத்தடை தோல்வி என்பது கருக்கலைப்புக்குச் சட்டம் ஏற்கும் காரணம். 1971-ம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். முன்பு "மணமான பெண்" என்று இருந்த இடத்தில் இப்போது "பெண்ணோ அவள் துணையோ" என்று இருப்பதால் மணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும். 18 வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், பெயரை ரகசியமாக வைக்க வேண்டியது மருத்துவமனையின் கடமை. ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரையிலேயே முடியும். ஆனால் கடையில் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கரு குழாயில் இருக்கிறதா, எத்தனை வாரம் என்று தெரியாமல் போட்டு, ரத்தம் நிற்காமல் வருபவர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

எனக்கு 46 வயது. பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. இனியும் கருத்தடை வேண்டுமா?

வேண்டும். மாதவிடாய் தள்ளித்தள்ளி வரும் இந்த வருடங்களிலும் கருமுட்டை எப்போதாவது வெளியாகும். 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து இரண்டு வருடமும், 50-க்குப் பின் நின்றால் ஒரு வருடமும் தொடர வேண்டும். ஹார்மோன் ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு மாதவிடாய் நின்றதா, மருந்தால் வரவில்லையா என்று பிரித்துச் சொல்வது கடினம், டாக்டரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். காப்பர் டி இருந்தால், மாதவிடாய் முழுதாக நின்று இந்தக் காலக்கெடுவும் கடந்தபின் மறக்காமல் எடுத்துவிடுங்கள். பல வருடமாக உள்ளே மறந்துபோன காப்பர் டியோடு 60 வயதில் வருபவர்கள் உண்டு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், அதைப் பழைய பீரியட்ஸ் என்று விட்டுவிடாமல் அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.